செருப்புத் தைக்கிறவர் போட்ட ஜாமீன்

ஜெயிலுக்குப் போனவரோட மனசை யார் பார்த்துக்கிட்டாங்க? இந்த எபிசோட் அதோட வரலாறு. கொஞ்சம் தூரத்திலிருந்து தொடங்கி கல்வராயன் மலைக்கு வருவோம்.

1841, பாஸ்டன். ஜான் அகஸ்டஸ்னு செருப்புத் தைக்கிற ஒருத்தர், குடிச்சதுக்காகக் கோர்ட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஆளைப் பார்க்கிறார். "இவருக்கு நான் பொறுப்பு"ன்னு ஜாமீன் போட்டுக் கூட்டிட்டுப் போறார். மூணு வாரம் கழிச்சு அதே ஆள் தெளிஞ்சு வந்து நிற்கிறார். நீதிபதி போட்ட அபராதம் ஒரு சென்ட், கூடவே கோர்ட் செலவு. 1859-ல் இறக்கும் முன் அகஸ்டஸ் 1,900 பேருக்கு மேல் இப்படிப் பொறுப்பேற்றார். வக்கீல் இல்லை, டாக்டரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசின மனுஷன், அவ்வளவுதான்.

இது சட்டமாகி நம்ம ஊருக்கு வந்தது 1936-ல், சென்னை மாகாண நன்னடத்தைச் சட்டமாக. பிறகு 1958-ல் மத்தியச் சட்டம். குற்றம் நிரூபணமானவரையும் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்பலாம். ஆலோசனை சொல்வது, வேலை தேடித் தருவது எல்லாம் அலுவலரின் கடமை. ஆனால் 4-ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை: குற்றவாளிக்கோ ஜாமீன்தாரருக்கோ அந்தக் கோர்ட்டின் எல்லைக்குள்ளோ, பிணைக் காலத்தில் குற்றவாளி வசிக்கக்கூடிய இடத்திலோ நிலையான வீடு அல்லது தொழில் இருக்கணும்.

கல்வராயன் மலையிலிருந்து செம்மரம் வெட்டப் போய்த் திருப்பதிப் பக்கம் பிடிபட்டவருக்கு அங்கே யார் இருக்கா? கோர்ட்டில் பேசுற தெலுங்குகூடப் புரியாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். உயிரோடு உள்ளே போனவர்கள் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 2013-ல் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் கைதானவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். 280 பேருக்கு மேல் இரண்டு வருஷத்துக்கும் கூடுதலாகச் சிறையில் இருந்து, 2016-ல் விடுதலையானார்கள்.

இங்கேதான் எனக்கு உறுத்துது. தண்டனை பெற்று நன்னடத்தையில் வந்தால் ஒரு அலுவலராவது உண்டு. நிரபராதின்னு வெளியே வந்தவருக்கு இந்தச் சட்டத்தில் யாருமே இல்லை. தூக்கம் வராம, வாங்கின கடன் வட்டியோட நிற்க, ஊர் ஒரு மாதிரி பார்க்க, அவர் பேருந்து ஏறி மலைக்குத் திரும்புறார்.

பிரிட்டனில், ஸ்வான்ஸி சிறையில் 15 வயசுப் பையன் தற்கொலை செஞ்ச பிறகு, 1991-ல் சமாரிட்டன்ஸ் அமைப்பு கைதிகளுக்கே பயிற்சி கொடுத்தது: சக கைதி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்க. பூட்டின அறைக்குள்ளே ராத்திரி இருக்கிறது இன்னொரு கைதிதானே.

நம்ம 1958 சட்டத்தின் 13-ஆம் பிரிவிலும் அகஸ்டஸ் ஒளிஞ்சிருக்கார். அரசு அலுவலர்தான் வேணும்னு இல்லை. வழக்கின் சிறப்புச் சூழலில், தகுதியானவர்னு கோர்ட் கருதும் வேறு எவரையும் நன்னடத்தை அலுவலராக நியமிக்கலாம். சிறைக்குப் போய்வந்து, இப்போ காட்டில் தினை விதைக்கிற ஒருவரை அந்த இடத்தில் வெச்சுப் பாருங்க.