எம்.ஆர். ஏரியாவுக்கு ஒரு த்ரில்லர்

போன மாசம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். ஸ்பின்னிங் மில்லுக்குள்ள ஒரு ராத்திரியில நடக்கிற கொலை, அதுதான் கதை. எல்லாருமே புதுமுகம். வேடசந்தூர் பக்கம் ஷூட்டிங். "அண்ணே, படம் ரெடி. சென்னையில ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் முழுசா உக்காந்து பாத்தாரு. நல்லாருக்கு தம்பி, ஆனா எம்.ஆர்.ல இதை யாரு ரெண்டாவது தடவை பாப்பான்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. அதுக்கு என்ன பதில் சொல்றதுண்ணே?"

அந்த ஒரு வரிக் கேள்விக்குள்ள எழுபது வருஷ சினிமா வரலாறு இருக்கு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல எம்.ஆர். மதுரை–ராமநாதபுரம் என்பதன் சுருக்கம். தமிழ் சினிமா வியாபாரம் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருக்கிறது. சென்னை சிட்டி, என்.எஸ்.சி. என்கிற வட ஆற்காடு–தென் ஆற்காடு–செங்கல்பட்டு, கோயம்புத்தூர், சேலம், டி.டி. என்றால் திருச்சி–தஞ்சாவூர், டி.கே. என்றால் திருநெல்வேலி–கன்னியாகுமரி, அப்புறம் எம்.ஆர். கவனிச்சீங்கன்னா இதெல்லாம் பழைய மாவட்டங்கள். திண்டுக்கல் 1985 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது. ராமநாதபுரமும் அதே வருஷம் மூணாப் பிரிஞ்சது. வட ஆற்காடு, தென் ஆற்காடு என்ற பெயரில் இன்று மாவட்டமே கிடையாது. சினிமா வரைபடம் மட்டும் அப்படியே நிக்குது. எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரு லெகசி கோடு. எழுதினவன் போய்ட்டான், ஆனா கை வெச்சா எல்லாம் உடையும், அதனால யாரும் தொடறதில்ல.

அந்த ஏரியாவை வாங்குறவர்தான் விநியோகஸ்தர். அவுட்ரைட்டாக வாங்கினால் லாபமோ நஷ்டமோ அவருடையது. எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டி என்றால், ஒரு தொகையைக் கட்டாயம் தருவார், அதுக்கு மேல வசூலானால் பங்கு. மூணாவது, அட்வான்ஸ் மட்டும் கொடுத்து கமிஷனுக்கு ஓட்டித் தர்றது. இதில் படம் போணியாகலன்னா தயாரிப்பாளர் அட்வான்ஸைத் திருப்பித் தரணும். பெரிய ஹீரோ படத்துக்கு முதல் ரெண்டும் நடக்கும். புதுமுகத்துக்குப் பெரும்பாலும் மூணாவதுதான், அதுவும் கெஞ்சினால்.

இப்போ படம் எப்படிப் பயணம் பண்ணுச்சுன்னு பாருங்க. ஃபிலிம் காலத்தில் ஒரு பிரிண்ட் போடுவது பெரிய செலவு. அதனால் ஒரு ஏரியாவுக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய பிரிண்ட்தான். தகரப் பெட்டியில் ரீல்கள் முதல்ல மதுரைக்குப் போகும், அங்கே ஓடி முடிச்சு திண்டுக்கல் டவுன் தியேட்டருக்கு வரும், அப்புறம் வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, நத்தம், கடைசியா ஏதோ ஒரு ஊரின் டூரிங் கொட்டகை. ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர். கொட்டகைக்குப் பெட்டி வரும்போது படத்தில் பாதி கீறல், படம் வந்து மாசக்கணக்காகியிருக்கும்.

குடும்பக் கதைக்கு இதனால நஷ்டமில்ல. முடிவு தெரிஞ்சே அழுவாங்க. எம்.ஜி.ஆர். படத்துக்கும் கவலையில்ல, அவர் ஜெயிப்பார்னு கொட்டகையில் மணல்ல உக்காந்திருக்கிற குழந்தைக்கும் தெரியும். த்ரில்லரோட கதை வேற. மதுரையில் பார்த்தவர் பஸ் ஏறி திண்டுக்கல் வந்து டீக்கடையில் கொலையாளி பேரைச் சொல்லிட்டாருன்னா, பெட்டி வர்றதுக்கு முன்னாடியே சரக்கு கெட்டுப்போச்சு. டூரிங் கொட்டகையில் இன்னொரு கொடுமையும் இருந்தது. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாத்த மாத்த இடைவேளை. ஒவ்வொரு இடைவேளையிலும் முறுக்கு தின்னுக்கிட்டே "அவன்தான்டா" என்று நாலு பேர் தீர்ப்பு சொல்லிடுவாங்க.

பாட்டு இந்த அமைப்புக்குள்ள என்ன வேலை பார்த்ததுன்னு இங்கதான் புரியும். பாட்டு பிடிச்சவர் திரும்ப வருவார். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் இருக்கும், முடிவை மட்டும் 'வெள்ளித்திரையில் காண்க' என்று விட்டிருப்பார்கள். பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சரா இருந்தப்போ, 1950-களில், அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வெச்சது. நம்ம ஆளுங்க இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கிட்டாங்க. படம் ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே பாட்டு வந்திரும், காசே கொடுக்காத விளம்பரம்.

அப்படி ஒரு காலத்தில், 1954-ல், ஏவி.எம். நிறுவனம் பாட்டே இல்லாம ஒரு கொலைப் படம் எடுத்தது. 'அந்த நாள்'. இயக்கம் எஸ். பாலச்சந்தர், திரைக்கதை ஜாவர் சீதாராமன், நடிப்பு சிவாஜி கணேசனும் பண்டரிபாயும். செத்தவனைப் பற்றி ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை சொல்கிற அமைப்பு. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. இன்னைக்கு அதைக் கொண்டாடாத சினிமா மாணவர் கிடையாது. ஆனால் வந்த நேரத்தில் வசூல் தோல்வி. பாட்டுக்கும் சண்டைக்கும் பழகின கூட்டம் ஏமாந்து போனதா எழுதியிருக்காங்க. எனக்குத் தோணுறது, ரசனை மட்டும் காரணமில்ல. திரும்ப வர்றதுக்கான காரணத்தை அந்தப் படம் கொடுக்கல, படத்தைச் சுமக்கிற வண்டியோ திரும்ப வர்றவங்களை நம்பி ஓடிக்கிட்டிருந்தது.

ஏவி.எம். பாடம் கத்துக்கிச்சு. 1967-ல் அதே நிறுவனம் ஏ.சி. திருலோகச்சந்தர் இயக்கத்தில் 'அதே கண்கள்' எடுத்தபோது கலர், ரவிச்சந்திரன் டான்ஸ், காமெடி, பாட்டு எல்லாம் இருந்தது. கொலையாளியும் இருந்தார். படம் வெற்றி. இன்னொரு பக்கம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று துப்பறியும் படங்களை வரிசையாக இறக்கியது. சிக்கனமான செலவு, தெரிஞ்ச முகம், நாலு பாட்டு. விநியோகஸ்தருக்கு இது புரியும்.

பாலச்சந்தர் மட்டும் அடங்கல. அவரே தயாரித்து, இயக்கி, இசையமைத்து, நடித்தும் 'நடு இரவில்' எடுத்தார். தனியான ஒரு பங்களா, அதில் கூடுகிற சொந்தக்காரர்கள், ஒவ்வொருத்தராகச் செத்துப்போவது. அகதா கிறிஸ்டி சாயல். பெரிய ஹீரோ யாரும் இல்லை, மேஜர் சுந்தர்ராஜன், சௌகார் ஜானகி, சோ மாதிரியான நடிகர்கள். படம் அறுபதுகளின் நடுவிலேயே முடிந்துவிட்டது. வாங்க ஆளில்ல. வருஷக்கணக்கில் பெட்டியில் தூங்கியது. கடைசியில் 1970-ல்தான் திரைக்கு வந்தது. வந்த பிறகு ஜனங்க பார்த்தாங்க, நல்லாவே பார்த்தாங்க. ஆக, பார்வையாளர் இருந்திருக்காங்க. நடுவில் இருந்தவங்களுக்கு அவங்க கண்ணுக்குத் தெரியல. பாலச்சந்தர் அதுக்கப்புறம் படமே இயக்கவில்லை. வீணை எஸ். பாலச்சந்தராக உலகம் சுற்றினார், 1982-ல் பத்மபூஷண் வாங்கினார். வீணைக்கு லாபம்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அந்த நாலஞ்சு வருஷத்தை நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

இந்தக் கணக்கை உடைச்சது டிஜிட்டல். சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் 2005-ல் கியூப் கொண்டுவந்த பிறகு பெட்டியே இல்லை. மதுரையில் காலைக் காட்சி ஓடும் அதே நேரத்தில் திண்டுக்கல் என்.வி.ஜி.பி.யிலும் ஓடலாம், ஒட்டன்சத்திரத்திலும் ஓடலாம். எல்லா ஊரும் ஒரே நாளில் பார்க்கும்போது ரகசியம் மூணு நாள் தாங்கினால் போதும். 2012 அக்டோபர் 19, 'பீட்சா'. கார்த்திக் சுப்பராஜ் மதுரைக்காரர், சாஃப்ட்வேர் வேலையை விட்டுட்டு வந்தவர் (எங்க இனம்தான், பொறாமையாத்தான் இருக்கு). பார்த்தவங்களே "முடிவைச் சொல்லமாட்டேன், போய்ப் பாரு" என்று கூட்டம் சேர்த்தார்கள். கன்னடத்திலும் இந்தியிலும் ரீமேக் ஆனது. டீக்கடையில் படத்தைக் கொன்ன அதே ரகசியம், ஃபேஸ்புக்கில் டிக்கெட் வித்துக் கொடுத்தது.

ஆனா பிரிண்ட் செலவு ஒழிஞ்சதுன்னு நினைக்காதீங்க. வி.பி.எஃப். என்று ஒரு கட்டணம் வந்தது. பிரிண்டே இல்லாத காலத்துக்கு ஒரு பிரிண்ட் கட்டணம். பெரிய படம் தாங்கும், சின்னப் படத்துக்கு அதுவே முதுகொடியும் சுமை. அதை எதிர்த்துத்தான் 2018 மார்ச் 1 முதல் தயாரிப்பாளர்கள் புதுப்படம் எதையும் வெளியிடாம நிறுத்தினாங்க. அதில் மாட்டியது கார்த்திக் சுப்பராஜின் 'மெர்க்குரி'. வசனமே இல்லாத த்ரில்லர். கதை நடப்பது திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானலில். வெளி மாநிலங்களில் ஏப்ரல் 13-ம் தேதி ரிலீஸ். தமிழ்நாட்டில் ஸ்டிரைக் முடிந்து ஏப்ரல் 20. கொடைக்கானல் கதையை மலைக்குக் கீழே திண்டுக்கல்லில் பார்க்க ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது, அதற்குள் கதை பூரா ட்விட்டரில். அறுபது வருஷம் முன்னாடி மதுரை பஸ்ஸில் வந்த ஆள், இப்போ போன்ல வந்துட்டார்.

அதனால தம்பி, "யாரு ரெண்டாவது தடவை பாப்பா" என்பது பெட்டி காலத்துக் கேள்வி. உங்க படத்துக்கு ஒரு ஆள் ஒரு தடவை வந்தாப் போதும், ஆனா சீக்கிரம் வரணும். எம்.ஆர். முழுக்க விக்க அலையாதீங்க. ஆறு மாவட்டத்தில் நாப்பது தியேட்டரில் காலைக் காட்சி கிடைச்சு ஒவ்வொண்ணுலயும் பத்துப் பேர் உக்காந்தா, திங்கக்கிழமை தூக்கிடுவாங்க, நாப்பதுக்கும் கட்டணம் உங்க தலையில. திண்டுக்கல் டவுனில் ரெண்டு, வேடசந்தூர் பக்கம் ஒண்ணு, சின்னாளப்பட்டிக்காரங்க வர்ற மாதிரி ஒண்ணு, பர்சன்டேஜ் அடிப்படையில் நேரா தியேட்டர்காரர்கிட்டயே பேசுங்க. தினசரி வசூல் கணக்கை, டி.சி.ஆர்.ஐ, கையோட வாங்குங்க. அடுத்த ஏரியாக்காரர்கிட்ட காட்டுறதுக்கு அதை விட நல்ல டிரெய்லர் கிடையாது. ஓ.டி.டி.காரங்களும் இப்போ தியேட்டர்ல என்ன ஆச்சுன்னு கேட்டுட்டுத்தான் விலை பேசுறாங்க.

மில்லுல நடக்கிற கொலையை முதல்ல பார்க்க வேண்டியது மில்லுல வேலை பார்க்கிறவங்கதானே. நான் பதில் மெயில்ல ஒரே ஒரு விஷயம் கேட்டிருந்தேன், ரெண்டாவது ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியுதுன்னு. "பத்து மணிக்குண்ணே, செகண்ட் ஷோ பத்தேகாலுக்குப் போட்டாச் சரியா இருக்கும்"னு நேத்து பதில் வந்தது. தியேட்டர்ல இன்னும் பேசல.

அடுத்த எபிசோட்ல பாட்டுப் புத்தகங்கள் பத்திப் பேசுவோம். உங்க வீட்டுப் பரண்ல ஏதாவது கிடந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க.