ஆயா போட்டுக்கொடுத்த 'அ'

ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் போகப்போற அண்ணன் மகளுக்கு லீவுலேயே எழுத்து பழக்கிடுங்கன்னு அண்ணி என்கிட்ட நோட்டும் பென்சிலும் கொடுத்திருக்காங்க. பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கவே வரலை.

எனக்கு எங்க ஆயா ஞாபகம் வந்துடுச்சு. எழுபதுகள்ல குருசுக்குப்பம் கடற்கரையில ஈரமணலைத் தட்டிவிட்டு, என் விரலைப் பிடிச்சு 'அ' போட வெச்சாங்க. தப்பாப் போனா அலை அழிச்சிடும், ரப்பர் செலவு மிச்சம்!

இது ஆயா கண்டுபிடிச்சதில்லைங்க. திண்ணைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மணல்லதான் அரிச்சுவடி எழுதிப் பழகினாங்க. ஓலையும் எழுத்தாணியும் அப்புறம்தான். 1789 முதல் சென்னை எழும்பூர்ல ராணுவத்தார் பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளியை நடத்தின ஆண்ட்ரூ பெல்ங்கிற ஸ்காட்லாந்து பாதிரியார் இதைப் பார்த்துட்டு தன் பள்ளியிலயும் கொண்டுவந்தார். அங்கிருந்த வாத்தியார் மசியலை. அதனால ஒரு சின்னப் பையனை விட்டே மத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1797ல் லண்டன்ல அதைப் புத்தகமாப் போட்டதும், 'மெட்ராஸ் முறை'ன்னு இங்கிலாந்துப் பள்ளிகள்ல பரவிச்சு. நம்ம மணலுக்கு வந்த மவுசைப் பாருங்க.

ஆனா குருசுக்குப்பத்துல அந்த மணல் எங்க? 1980களின் கடைசியில புதுச்சேரி துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் போட்டாங்க. தெற்கேயிருந்து வடக்கே நகர்ற மணல் அங்கேயே தங்கிடுச்சு. வடக்குப் பக்கம் இருக்கிற எங்க கரையைக் கடல் தின்னுடுச்சு. கருங்கல் கொட்டித்தான் வீடுகளைக் காப்பாத்த வேண்டியிருந்தது. கல்லு மேல எங்க 'அ' எழுத?

நேத்து தாம்பாளத்துல பச்சரிசியைப் பரப்பி உக்கார வெச்சேன். 'அ'வோட சுழி அழகா வந்துச்சு. 'ஆ'வோட சுழி மட்டும் தட்டைத் தாண்டித் தரைக்குப் போயிடுது.