நிலையத்திலிருந்து வாசல் வரை

ஊரிலிருந்து ஒரு மூட்டை வந்து சேர்ந்தால் நாம் புகைவண்டிக்கே நன்றி கூறுகிறோம். ஆனால் புகைவண்டி நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து வீட்டு வாசல் வரை சரக்கைச் சுமந்த சிறு வண்டிகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இருப்புப்பாதை 1864-இல் திறக்கப்பட்டது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலில் இறங்கிய பின், வடஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து நம்மவர் திரளாகச் சென்று அங்கே குடியேறினர். அந்நாளில் கோலார் ரோடு என்றும், பின்னர் பௌரிங்பேட்டை என்றும் பெயர் பெற்றிருந்த இன்றைய பங்காரப்பேட்டையே அவர்களுக்கு நிலையம். அங்கிருந்து சுரங்கத்துக்குச் சுமார் பத்து மைல். அத்தொலைவுக்கு மாட்டு வண்டியே துணை.

1894-இல் மாரிக்குப்பம் வரை கிளைப்பாதை திறக்கப்பட்டது, பெருந்தொலைவு தீர்ந்தது. ஆயினும் குடியிருப்புகளில் வாழ்ந்தோருக்கு, நிலையத்துக்கும் வாசலுக்கும் இடையிலிருந்த சிறு தொலைவு தீரவில்லை.

இங்கிலாந்திலோ, இரயில்வே கம்பெனிகள் குதிரை வண்டிகளை வைத்துத் தாமே வீடுதோறும் பார்சல்களைச் சேர்ப்பித்தன. ஒடுங்கிய சந்துகளில் குதிரை எளிதாகத் திரும்பும், லாரி திரும்பாது. ஆகவே 1930-களில் ஸ்காமெல் தொழிற்சாலையார் ‘இயந்திரக் குதிரை’ என்னும் வண்டியைச் செய்தனர். முன்னே ஒற்றைச் சக்கரம் இருந்தமையால் அது குறுகிய இடத்திலும் திரும்பியது. பின்வண்டியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். ஒன்றில் சரக்கு ஏற்றும்போதே மற்றொன்று வீதிகளைச் சுற்றிவரும். 1948-இல் ‘ஸ்காரப்’ என்னும் வண்டி அதன் வாரிசாக வந்தது.

நம் நாட்டில், ரசீதுடன் பார்சல் ஆபீசுக்குச் சென்று சரக்கைப் பெற்றுக்கொள்வதே பெரும்பாலும் வழக்கமாயிற்று. நிலையமில்லாத சில ஊர்களுக்கு ஒப்பந்தக்காரர் மூலம் ‘அவுட் ஏஜென்சி’ ஏற்பாடு உண்டு. 2022-இல் இரயில்வேயும் அஞ்சல் துறையும் கூடி, சூரத்துக்கும் வாரணாசிக்கும் இடையே ஒரு சேவையைத் தொடங்கின. அனுப்புவோர் வாசலில் பார்சலை எடுப்பதும், பெறுவோர் வாசலில் கொடுப்பதும் அஞ்சல் துறையின் பொறுப்பு, நடுவழி இரயிலுக்கு. இங்கிலாந்தின் குதிரை வண்டி செய்த வேலைதான் இது; நமக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. பொன்னைத் தேடி அங்கே சென்றோரின் வழித்தோன்றல்கள் பலர், இன்று அதே பாதையில் விடியற்காலை பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு, ஊரிலிருந்து வரும் மூட்டையின் அருமையைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. அடுத்த முறை அதை வாசலில் இறக்கிவைப்பவருக்கு ஒரு குவளை மோர் கொடுத்து அனுப்புவோமாக.