இணைய மின்னல் சதுரங்கமும் தரப்புள்ளியும்

மின்னல் சதுரங்கம் (பிளிட்ஸ்) என்பது ஓர் ஆட்டக்காரருக்கு மொத்தம் 10 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ நேரம் கொடுத்து ஆடப்படும் சதுரங்க வகை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதல் நொடிகள் தரப்படுமானால், அவற்றை 60 நகர்த்தல்களுக்குக் கணக்கிட்டுத் தொடக்க நேரத்தோடு கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் (ஃபிடே) விதி. உலக மின்னல் சாம்பியன் போட்டியில் 3 நிமிடமும் நகர்த்தலுக்கு 2 நொடியும் தருகிறார்கள். கணக்குப்படி அது 5 நிமிட ஆட்டம். செஸ்.காம், லிசெஸ் ஆகிய இணையத் தளங்கள் 10 நிமிட ஆட்டத்தை ‘ரேபிட்’ வகையில் சேர்க்கின்றன. ஃபிடேவுக்கோ அது இன்னும் மின்னல்தான்.

தமிழகத்தில் இந்த ஆட்டம் இணையத்துக்கு முன்பே வேரூன்றியது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் (1961) மேனுவல் ஆரோன் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய டால் சதுரங்கக் கழகத்தில், வென்றவர் நாற்காலியிலேயே இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போய்த் தன் முறைக்குக் காத்திருப்பார். எழுந்திருக்க விரும்பாத சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கேதான் வேகம் பழகினார். 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் அவரே. கழகத்துக்குப் பெயர் தந்த மிகயீல் டால், அதே 1988இல், 51 வயதில், கனடாவின் செயின்ட் ஜான் நகரில் நடந்த உலக மின்னல் போட்டியை வென்றார்.

ஆட்டக்காரர்கள் ‘ரேட்டிங்’ என்று சொல்லும் தரப்புள்ளியின் கதை இதைவிட விரிவானது. அமெரிக்கக் கூட்டமைப்பு முதலில் கென்னத் ஹார்க்னெஸ் வகுத்த முறையைப் பின்பற்றியது. அதன் குறைகளைக் கண்டு புள்ளியியல் அடிப்படையில் மாற்றி அமைத்தவர் அர்பாத் எலோ. ஹங்கேரியில் பிறந்த இவர் மில்வாக்கியின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். அமெரிக்கா 1960இலும் ஃபிடே 1970இலும் இவர் முறையை ஏற்றன. மின்னல் ஆட்டத்துக்கெனத் தனிப் பட்டியலை ஃபிடே 2012இல்தான் தொடங்கியது.

எலோ முறையின் உயிர்நாடி எதிர்பார்ப்பு. இருவருக்கும் புள்ளி சமம் என்றால் ஒவ்வொருவரிடமும் 0.50 எதிர்பார்க்கப்படும், 100 புள்ளி கூடுதலாக உள்ளவரிடம் 0.64, 200 கூடுதலாக உள்ளவரிடம் 0.76. 1600 புள்ளிக்காரர் 1800 புள்ளிக்காரரை எதிர்த்து ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் எதிர்பார்ப்பது 0.24தான். முடிவுக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்க மின்னல் ஆட்டத்தில் ஃபிடே பயன்படுத்தும் எண் 20. எனவே வென்றால் அவருக்கு 15.2 புள்ளி கூடும். சமன் செய்தால் 5.2 கூடும், தோற்றால் 4.8 மட்டுமே குறையும். தன்னைவிட வலுவானவரோடு ஆடத் தயங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இதே கணக்கிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது. சமபலம் உள்ளவர்களோடு, சமன் இல்லாமல், ஓர் ஆட்டத்துக்கு 10 புள்ளி ஏறியும் இறங்கியும் 20 ஆட்டம் ஆடினால், திறமையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே 45 புள்ளி அளவுக்கு ஏற்றமோ இறக்கமோ வருவது வெகு இயல்பு. ஒரே இரவில் 40 புள்ளி போனதென்று தூக்கம் கெடுவதற்குக் காரணமில்லை.

இணையத் தளங்கள் எலோவைத் தாண்டிச் சென்றுவிட்டன. புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் 1995இல் உருவாக்கிய கிளிக்கோ முறை, ஒருவரின் புள்ளியோடு அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்ற அளவையும் சேர்த்து வைக்கிறது. நெடுநாள் ஆடாதவருக்கு ஐயம் கூடும். மீண்டும் ஆட வந்ததும் புள்ளி பெரிதாக எகிறும் அல்லது சரியும். லிசெஸ் தளத்தில் எல்லோரும் 1500இல் தொடங்குகிறார்கள்; நம்பகம் வரும்வரை எண்ணின் பக்கத்தில் கேள்விக்குறி நிற்கும். ஆகையால் ஒரு தளத்தின் 1700ஐ மற்றொரு தளத்தின் 1700உடனோ ஃபிடேயின் 1700உடனோ ஒப்பிடுவது தவறு. புள்ளி என்பது அந்தந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் நிற்கும் இடம், அவ்வளவே. 2024 மார்ச்சில் ஃபிடே நெடுநேர ஆட்டப் பட்டியலில் 2000க்குக் கீழிருந்தோரின் புள்ளிகளை உயர்த்தியபோது, 1500இல் இருந்தவர் ஒரு காயையும் நகர்த்தாமல் 1700 ஆனார். அவருடைய ஆட்டம் அப்படியேதான் இருந்தது.

இணைய மின்னல் ஆட்டத்தில் கேரளம் தந்த மிகச் சிறந்த பெயர் நிஹால் சரீன். 2004இல் திருச்சூரில் பிறந்தவர். 2013இல் பத்து வயதுக்குட்பட்டோர் உலக மின்னல் பட்டமும், மறு ஆண்டு டர்பனில் அதே வயதுப் பிரிவின் உலகப் பட்டமும் பெற்று, 2018இல் 14 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். செஸ்.காம் நடத்திய இளையோர் வேகப் போட்டியை 2020, 2021 என அடுத்தடுத்து வென்றார். 2020 ஆகஸ்ட் 30இல் ரஷ்யாவோடு நடந்த இணைய ஒலிம்பியாட் இறுதியில் அவருக்கும் அணியின் சக ஆட்டக்காரர் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைய இணைப்பு அறுந்து நேரம் தீர்ந்தது. இந்தியா முறையிட, தங்கம் ரஷ்யாவுக்கும் இந்தியாவுக்கும் பொதுவாக்கப்பட்டது. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் இரண்டாம் பலகையில் தனிநபர் தங்கமும் அவருக்கே.

மின்னல் ஆட்டம் சிந்தனையைக் கெடுக்கும் என்போர் பெரும்பாலும் சதுரங்க வீரர் குகேஷைக் காட்டுவார்கள். தானே ஆழ்ந்து சிந்திக்கப் பழகட்டும் என்று பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை ஏறக்குறைய 2500 புள்ளிவரை கணினி எஞ்சின் பக்கமே விடவில்லை. 2024இல், 18 வயதில், அவர் உலகச் சாம்பியன் ஆனார். ஆனந்தும் நிஹாலும் அந்த வாதத்துக்கு நேர்மாறான சான்றுகள். வேகம் கற்றுத் தராது, கற்றதைச் சோதிக்கும். சோதனைத் தாளைத் திருப்பிப் பார்க்காதவருக்கு மட்டுமே அதனால் கேடு.

முன்னேற்றத்துக்கான வழிகள் எளியவை. கூடுதல் நொடி இல்லாத 3 நிமிட ஆட்டத்தைவிட 2 நொடி சேரும் ஆட்டம் நல்லது. அதில் ராஜாவும் சிப்பாயும் மட்டும் எஞ்சிய இறுதிக்கட்டத்தையும் ஆடி முடிக்கலாம். வென்ற நிலையில் கடிகாரத்தால் தோற்பது குறையும். வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என்று சில தொடக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். தோற்ற ஆட்டத்தை எஞ்சினிடம் கொடுப்பதற்கு முன், எந்த நகர்த்தலில் கை தவறியது என்று தானே தேட வேண்டும். குதிரையின் இரட்டைத் தாக்குதலில் யானை போனது தெரிந்தால், அன்றைக்கு அதே வகைப் புதிர்கள் பத்தைப் போடலாம். தொடர்ந்து இரண்டு தோல்வி வந்தால் செல்பேசியை மூடிவிட வேண்டும். கோபத்தில் ஆடும் மூன்றாவது ஆட்டத்தில்தான் புள்ளி கொட்டும்.

பாலக்காடு மாவட்டத்தின் எருத்தேன்பதி போன்ற எல்லையோரத் தமிழ் ஊர்களிலிருந்தும் இன்று எந்நேரமும் உலகத்தோடு ஆட முடிகிறது. ஆனால் இணையத்தில் எத்தனை புள்ளி சேர்த்தாலும் அது ஃபிடே பட்டியலில் ஏறாது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் தரப்புள்ளி உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டங்களைப் பலகை முன் அமர்ந்து ஆடியிருக்க வேண்டும்.