பழைய மோடத்துக்கு மறுபடியும் உயிர் கொடுக்கலாமா?

அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பழைய மோடம், யாரும் சீண்டாத ரவுட்டர்... பார்த்ததும் "தூக்கிப் போடு" என்றுதானே தோன்றும்? ஆனால் சிலர் அவற்றைத் தேடிப்பிடித்து, பழுதுபார்த்து, மறுபடியும் ஓட வைக்கிறார்கள். ஏன்? எப்படி?

எதையெல்லாம் சேகரிக்கிறார்கள்?

⏺ ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் (1981): தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 300 பிட் அனுப்பும். அந்த வேகத்தில் 3 மெகாபைட் படம் ஒன்றை அனுப்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்! அதில் அறிமுகமான 'ஏடி' கட்டளைகள் இன்றைய கைப்பேசி மோடங்களிலும் உண்டு.

⏺ ஈத்தர்நெட் கேபிள்கள்: 1973இல் அமெரிக்காவின் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் போக்ஸும் உருவாக்கியது ஈத்தர்நெட். பிறகு வந்த தடித்த கேபிளை 500 மீட்டர் வரை இழுக்கலாம். கணினியை இணைக்க அதன் மேலுறையைத் துளைத்துப் பல்போல இறங்கும் கருவி ஒன்று இருந்தது. அதன் செல்லப்பெயர் 'வேம்பயர் டேப்'.

⏺ 1990களின் ஹப், ரவுட்டர்கள்

சரி, இதில் என்ன சுவாரஸ்யம்?

வைஃபையில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பழைய மெல்லிய கேபிளில் எல்லாமே தெரியும். கணினிகள் வரிசையாக ஒரே கம்பியில் தொங்கும். இரண்டு முனையிலும் 50 ஓம் 'டெர்மினேட்டர்' இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றினால் போதும். சரவிளக்கில் ஒரு பல்பு போனதுபோல் மொத்த இணைப்பும் படுத்துவிடும்.

அதைக் கண்டுபிடிப்பதும் எளிது. மல்டிமீட்டரில் சுமார் 25 ஓம் காட்டினால் இரண்டும் சரி. 50 காட்டினால் ஒன்று இல்லை. அவ்வளவுதான்!

பழுதுபார்க்கும்போது என்ன கவனிக்கணும்?

⏺ உடனே பிளக்கைச் செருகாதீங்க. அமெரிக்காவிலிருந்து வந்த சாதனம் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டிருக்கலாம். சிங்கப்பூரில் 230 வோல்ட். செருகினால் புகைதான் வரும்.

⏺ உப்பிய, கசியும் கெப்பாசிட்டர்களை மாற்ற வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் சில கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். தொட்டால் ஆபத்து. அனுபவம் இல்லையென்றால் மின்வழங்கிப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

⏺ அழுக்குப் படிந்த இணைப்பு முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைக்கலாம்.

யாருடைய ரகசியம் உள்ளே இருக்கிறது?

பலர் மறந்துவிடும் விஷயம் இது. மின்சாரம் போனாலும் ரவுட்டரின் நினைவகத்தில் பழைய உரிமையாளரின் மறைச்சொல், கட்டமைப்பு விவரங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். 2023இல் ஈசெட் எனும் இணையப் பாதுகாப்பு நிறுவனம், மறுவிற்பனைக்கு வந்த ரவுட்டர்களை வாங்கிச் சோதித்தது. பாதிக்கும் மேற்பட்டவற்றில் நிறுவனங்களின் முக்கியத் தகவல்கள் அழிக்கப்படாமல் இருந்தன.

எனவே:

⏺ விற்கும் முன்பும் கொடுக்கும் முன்பும் தொழிற்சாலை அமைப்புக்கு மாற்றுங்கள்.

⏺ வாங்கினால், உள்ளே இருப்பதைத் துழாவாமல் அழித்துவிடுங்கள்.

⏺ பழைய சாதனத்துக்குப் பாதுகாப்பு மேம்பாடுகள் வராது. அதை இணையத்தில் நேரடியாக இணைக்காமல் தனிக் கட்டமைப்பில் மட்டும் ஓட்டுங்கள்.

வேண்டாம் என்றால்?

சிங்கப்பூரில் மின்கழிவைச் சேகரிக்கும் திட்டம் 2021 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. மோடம், ரவுட்டர் இரண்டையும் அதற்கான தொட்டிகளில் போடலாம். போடும் முன் ஒரு நிமிடம் திருப்பிப் பாருங்க. அப்பா முதன்முதலில் இணையத்துக்குள் நுழைந்த கதவாகவும் அது இருக்கலாம்.