பெயரா? சோதனையா? கைத்துப்பாக்கியின் வரலாறு சொல்லும் பாடம்

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கைத்துப்பாக்கியில் எது சிறந்தது?' என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கேட்டவுடன், 'நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் துப்பாக்கிக் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனை விதிக்கின்றன. நம் வீடுகளில் துப்பாக்கி இல்லை. இல்லாமல் இருப்பதே நல்லது. ஆனால் நம்மைக் காக்கும் போலீஸ்காரர் இடுப்பிலும், வங்கி வாசலில் நிற்கும் காவலர் இடுப்பிலும் அது இருக்கிறது. அவர் கையில் இருப்பது சரியாக வேலை செய்யுமா என்பது அவருக்கும் நமக்கும் உயிர்ப் பிரச்சினை.

துப்பாக்கிப் பிரியர்களிடையே இதைப் பற்றி ஓயாத வாதம் உண்டு. ஒருவர் அழகு என்பார், ஒருவர் கைக்கு அடக்கம் என்பார், இன்னொருவர் புகழ் பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்வார். வரலாறு யார் பக்கம் நிற்கிறது? வாருங்கள், பார்ப்போம்.

ஜேம்ஸ் பாண்ட் கையில் ஒரு வால்தர்

ஜேம்ஸ் பாண்டைத் தெரியாதவர் நம்மில் எவர்? அவர் கையில் இருக்கும் சின்னஞ்சிறு துப்பாக்கியின் பெயர் வால்தர் பிபிகே. அந்தத் துப்பாக்கி பாண்டுக்குக் கிடைத்ததே ஒரு துப்பாக்கிப் பிரியரால்தான். நாவலாசிரியர் இயன் பிளெமிங் முதலில் பாண்டுக்கு ஒரு சிறிய பெரட்டாவைக் கொடுத்திருந்தார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற வாசகர் 1956இல் அவருக்குக் கடிதம் எழுதினார். 'இது பெண்கள் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி, உளவாளிக்கு உதவாது' என்பது அவருடைய கருத்து. பிளெமிங் அதை ஏற்றுக்கொண்டார். 1958இல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்டின் பெரட்டா பறிக்கப்பட்டு, வால்தர் கொடுக்கப்பட்டது. அந்த ஆலோசனையைச் சொல்லும் கதாபாத்திரத்துக்கும் பூத்ராய்ட் என்றே பெயர் வைத்துவிட்டார் பிளெமிங்!

இது கதை. உண்மையில் நடந்ததைக் கேளுங்கள்.

1974 மார்ச் 20. லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குச் செல்லும் சாலையில் இளவரசி ஆன் சென்ற காரை ஒருவன் வழிமறித்தான். அவரைக் கடத்துவதுதான் அவன் திட்டம். மெய்க்காவலர் ஜேம்ஸ் பீட்டன் காரிலிருந்து இறங்கி, தம்மிடமிருந்த வால்தர் பிபிகேயால் ஒருமுறை சுட்டார். குறி தவறியது. மீண்டும் சுட முயன்றபோது துப்பாக்கி சிக்கிக்கொண்டது. வெறுங்கையோடு நின்ற அந்த மனிதர் இளவரசிக்குத் தம் உடலையே கேடயமாக்கினார். மூன்று குண்டுகள் அவர்மேல் பாய்ந்தன. அன்று நான்கு பேர் சுடப்பட்டார்கள். நல்லவேளையாக அனைவரும் உயிர் பிழைத்தனர். இளவரசி காப்பாற்றப்பட்டார். பீட்டனுக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. அந்த வகைத் துப்பாக்கி மெய்க்காவலர்களிடமிருந்து திரும்பப் பெறப்பட்டது.

திரையில் அது ஒருபோதும் சிக்கியதில்லை. தெருவில் இரண்டாவது குண்டுக்கே சிக்கியது.

ஏன் சிக்குகிறது?

பழைய ரிவால்வரில் தோட்டாக்கள் ஓர் உருளையில் இருக்கும். விசையை அழுத்தும் நம் விரலே அந்த உருளையைச் சுழற்றுகிறது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி அழுத்தலாம், அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டல் அப்படியல்ல. வெடித்த தோட்டாவின் விசையே மேல்பகுதியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். காலிக் கூடு வெளியே தெறிக்க வேண்டும். சுருள்வில் மேல்பகுதியை முன்னுக்குத் தள்ளும்போது, கைப்பிடிக்குள் அடுக்கியிருக்கும் அடுத்த தோட்டா ஏறி உட்கார வேண்டும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் நடந்தாக வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும், கையில் இருப்பது வெறும் இரும்புத் துண்டு.

அழகுராணி லூகர்

1908இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட லூகர் துப்பாக்கியை அழகுராணி என்றே சொல்லலாம். சாய்ந்த கைப்பிடி, மெலிந்த குழல், முழங்கால் மூட்டுபோல் மேல்நோக்கி மடங்கும் பொறி. நீட்டினால் சுட்டுவிரலை நீட்டியதுபோல் இயல்பாக இருக்கும் என்பார்கள். இரண்டு உலகப் போர்களிலும் நேச நாட்டுப் படையினர் நினைவுப் பொருளாகக் கொண்டுபோகத் துடித்தது இதைத்தான்.

ஆனால் அந்த அழகுக்கு ஒரு விலை இருந்தது. மூட்டுப் பொறி திறந்தபடி இருந்ததால் பதுங்குகுழிச் சேறு அதற்கு எதிரி. தோட்டாவின் வேகம் சற்றுக் குறைந்தாலும் பொறி முழுமையாக மடங்காது. பாகங்களைப் பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டியிருந்ததால் செலவும் நேரமும் அதிகம். ஆகவே 1938இல் ஜெர்மானியர்களே எளிமையான வால்தர் பி38ஐத் தேர்ந்தெடுத்தார்கள். லூகர் மெல்ல ஒதுங்கியது. இன்று அது சேகரிப்பாளர்களின் கண்ணாடிப் பெட்டியில் அரசியாக வீற்றிருக்கிறது.

6,000 தோட்டாக்களின் தீர்ப்பு

இனி அமெரிக்காவுக்கு வருவோம். பிலிப்பைன்ஸ் போரில் தங்கள் ரிவால்வரின் குண்டு வலுவற்றது என்று அமெரிக்க ராணுவம் கண்டுகொண்டது. பெரிய குண்டைச் சுடும் பிஸ்டலுக்காக 1907இல் போட்டி நடத்தியது. லூகரும் அந்தப் போட்டிக்கு வந்தது, பின்னர் விலகிக்கொண்டது. இறுதியில் மிஞ்சியவை இரண்டு: ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட், மற்றொன்று சாவேஜ்.

1911 மார்ச் மாதம் இறுதிச் சோதனை. ஒவ்வொரு துப்பாக்கியும் 6,000 தோட்டாக்களைச் சுட வேண்டும். சூடேறிக் கையைச் சுட்டால் நீரில் முக்கி எடுத்து, மீண்டும் சுட்டார்கள். சாவேஜ் 37 முறை தடுமாறியது. கோல்ட் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அதே மாதம் 29ஆம் தேதி ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. எம்1911 என்ற அந்தத் துப்பாக்கி 1985 வரை, 74 ஆண்டுகள், அமெரிக்க ராணுவத்தின் அதிகாரபூர்வத் துப்பாக்கியாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் தேவை பெருகியபோது இதைச் செய்தவர்கள் யார் தெரியுமா? தட்டச்சு இயந்திரம் செய்த ரெமிங்டன் ராண்ட், ரயில் சமிக்ஞைக் கருவி செய்த ஒரு நிறுவனம். நம் வீட்டுத் தையல் இயந்திரத்தில் பார்த்த அதே சிங்கர் நிறுவனமும் 500 துப்பாக்கிகள் செய்து கொடுத்தது. இன்று அந்த 500இல் ஒன்று ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். துப்பாக்கிப் பிரியர்கள் 1911இன் மீது இன்றும் உயிரையே வைத்திருப்பதற்கு அதன் தோற்றம் மட்டும் காரணமல்ல. அந்தத் தோற்றத்துக்குப் பின்னால் மூன்று தலைமுறைப் படைவீரர்களின் அனுபவம் நிற்கிறது.

450 ஆண்டுப் பெயரும் உடைந்த இரும்பும்

1985இல் 1911இன் இடத்துக்கு இத்தாலியின் பெரட்டா 92 வந்தது. பெரட்டா 1526 முதல் துப்பாக்கிக் குழல் செய்துவரும் குடும்ப நிறுவனம். அமெரிக்கா என்ற நாடே பிறப்பதற்கு 250 ஆண்டுகளுக்கு முற்பட்டது! மேலே திறந்த அமைப்பு, வெளியே தெரியும் குழல் என்று பார்ப்பதற்கும் அழகானது. ஹாலிவுட் அதை உடனே அணைத்துக்கொண்டது.

ஆனால் 1987லிருந்து ஒரு சிக்கல் தலைதூக்கியது. அதிகமாகச் சுடப்பட்ட சில துப்பாக்கிகளின் மேல்பகுதி விரிசல் கண்டு உடைந்தது. பின்னால் பாய்ந்த துண்டு, கடற்படைச் சிறப்புப் படையினர் சிலரின் முகத்தைக் காயப்படுத்தியது. குற்றம் உலோகத்திலா, தோட்டாவின் அழுத்தத்திலா என்று பெரும் வாதம் நடந்தது. கடைசியில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். சுத்தியலைத் தாங்கும் ஊசியின் தலையைப் பெரிதாக்கி, மேல்பகுதி உடைந்தாலும் சுடுபவர் முகத்துக்கு வராமல் தடுத்தார்கள். ராணுவம் மறுபோட்டியும் நடத்தியது. அதிலும் பெரட்டாவே வென்றது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 450 ஆண்டுப் பெயர் அந்த வீரர்களின் முகத்தைக் காக்கவில்லை. காத்தது, தவற்றைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்திய வேலைதான். பின்னர் ஈராக் போரில் இதே துப்பாக்கி மணலில் சிக்குவதாகப் புகார் எழுந்தது. ஆராய்ந்தபோது, வேறு நிறுவனத்திடம் வாங்கிய தோட்டா அடுக்கும் பெட்டியின் சொரசொரப்பான பூச்சில் நுண்மணல் ஒட்டிக்கொள்வது தெரிந்தது. ஒரு தகரப் பெட்டி போதும், முழுத் துப்பாக்கியின் நம்பகத்தையும் கெடுக்க!

திரைச்சீலைக் கம்பி செய்தவர்

இப்போது எதிர்ப்புறத்தைப் பாருங்கள். 1980இல் ஆஸ்திரிய ராணுவம் புதிய துப்பாக்கி தேடியது. காஸ்டன் குளோக் என்பவரும் முயன்றார். அவர் செய்துகொண்டிருந்தது திரைச்சீலைக் கம்பிகளும் ராணுவத்துக்கான கத்திகளும். துப்பாக்கி செய்த அனுபவம் துளியும் இல்லை. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவர் நிபுணர்களைக் கூட்டி வைத்து, 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டார்.

ராணுவம் வைத்த நிபந்தனைகளில் ஒன்று: முதல் 10,000 தோட்டாக்களில் 20 தடுமாற்றங்களுக்கு மேல் இருக்கக்கூடாது. கையால் சரிசெய்துவிடும் சின்னச் சிக்கலும் கணக்கில் சேரும். குளோக்கின் துப்பாக்கி 1982இல் வென்றது. ஏறத்தாழ 34 பாகங்கள்தான். உடற்பகுதி பாலிமர் என்ற உறுதியான பிளாஸ்டிக். 1911 ஒரு கிலோவுக்கு மேல் எடையும் 7 தோட்டாக்களும் கொண்டது. குளோக் 17 ஏறத்தாழ 625 கிராம் எடையும் 17 தோட்டாக்களும் கொண்டது.

துப்பாக்கிப் பிரியர்கள் சிரித்தார்கள். 'செங்கல் கட்டி', 'பிளாஸ்டிக் பொம்மை' என்று கேலி செய்தார்கள். விமான நிலையச் சோதனைக் கருவிக்கே தெரியாது என்ற புரளியும் கிளம்பியது. உண்மையில் அதன் எடையில் பெரும்பங்கு எஃகுதான். கேலி செய்தவர்கள் செய்துகொண்டிருக்க, உலகெங்கும் காவல் படைகள் அதை வாங்கிக்கொண்டிருந்தன. 2023 டிசம்பரில் 94ஆம் வயதில் காஸ்டன் குளோக் மறைந்தபோது, அவருடைய பெயரே பலருக்குத் துப்பாக்கியின் மறுபெயராகிவிட்டிருந்தது.

நம்பகத்தின் மறுபாதி

நேயர்களே, வேண்டும்போது சுட வேண்டும் என்பது நம்பகத்தின் பாதிதான். வேண்டாதபோது சுடாமல் இருக்க வேண்டும். அது மறுபாதி.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பயன்படுத்திய நம்பு 94 என்ற பிஸ்டல் இதற்கு உதாரணம். விசையோடு இணைந்த ஒரு பட்டை, துப்பாக்கியின் இடப்பக்கத்தில் வெளியே தெரியும்படி அமைந்திருந்தது. பாதுகாப்பு நீக்கியிருக்கும் நிலையில் அதை அழுத்தினால், விசையைத் தொடாமலேயே வெடித்துவிடும். இது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2017இல் அமெரிக்க ராணுவம் பெரட்டாவுக்குப் பதிலாக சிக் சாவர் பி320 என்ற துப்பாக்கியின் ராணுவ வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பதை ராணுவச் சோதனையே காட்டிக்கொடுத்தது. ராணுவத் துப்பாக்கியின் விசை திருத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், பொதுமக்களிடம் ஏற்கெனவே விற்றிருந்த துப்பாக்கிகளுக்கும் இலவசத் திருத்தம் செய்துதர நிறுவனம் முன்வந்தது.

தீர்ப்பு என்ன?

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைக்கு இதமாக இருப்பது சுடுபவருக்குத் துணிவு தரும். லூகரை ரசிப்பவர் ரசிக்கட்டும், 1911ஐக் கொண்டாடுபவர் கொண்டாடட்டும். சேகரிப்பாளர் விரும்பியதை வாங்கலாம். தவறினால் நஷ்டம் அவருடைய பணம்தான்.

ஆனால் பீட்டன் போன்ற ஒருவருக்குத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பவர் அவர் அல்ல. அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கையெழுத்திடுகிறார். தவறினால் ரத்தம் சிந்துபவர் தெருவில் நிற்பவர். ஆகவே பிறருக்காகத் தேர்ந்தெடுப்பவருக்கு ரசனையால் முடிவெடுக்கும் உரிமை கிடையாது. பெயரைக் கேட்டு மயங்கக்கூடாது. பெயர் இல்லை என்பதற்காக ஒதுக்கவும் கூடாது. சேற்றிலும் மணலிலும் போட்டு எடுத்து, ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்த்து, எண்ணிக்கை என்ன சொல்கிறதோ அதை ஏற்க வேண்டும். ஒருமுறை வென்றுவிட்டது என்று விட்டுவிடாமல், புகார் வந்தால் மறுபடி சோதிக்க வேண்டும்.

துப்பாக்கிக்கு மட்டுமா இது? தீயணைப்பு வீரரின் முகக்கவசம், பள்ளிப் பேருந்தின் பிரேக், மருத்துவமனையின் உயிர்க்காப்புக் கருவி என்று எத்தனையோ பொருட்களை நமக்காக வேறு யாரோ வாங்குகிறார்கள். 'நல்ல நிறுவனம்தான்' என்று அவர்கள் சொல்லும்போது, 'சோதித்துப் பார்த்தீர்களா?' என்று கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.