பம்பாயின் மதியச் சாப்பாடு

காலை 7 மணி ரயிலைப் பிடிக்க ஓடுபவருக்குப் பருப்பும் காய்கறியும் சப்பாத்தியும் அப்போதே தயாராகியிருக்காது. பம்பாய் இந்தச் சிக்கலுக்கு 1890 வாக்கிலேயே வழி கண்டது. மகாதேவ் ஹவாஜி பச்சே சுமார் நூறு ஆட்களைச் சேர்த்து, வீட்டுச் சாப்பாட்டை அலுவலகம்வரை கொண்டுசேர்க்கத் தொடங்கினார். அவர்கள்தான் டப்பாவாலாக்கள், பெரும்பாலும் புனே பக்கத்துக் கிராமத்தார்.

கேரியரின் மூடியைப் பார்த்தால் தொழிலின் நுட்பம் புரியும். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, திரும்ப எங்கே போக வேண்டும் என எல்லாமே வண்ணத்தில் எழுதிய சில எழுத்துகளிலும் எண்களிலும் அடங்கிவிடும். அதிகம் படிக்காதவர்களும் பிசகாமல் பிரித்து அடுக்கினார்கள். வெள்ளைத் தொப்பி மேல் நீண்ட மரத்தட்டு, அதில் வரிசையாக டப்பாக்கள், நெரிசலான லோக்கல் ரயில்.

நகரத்தின் உடல்நலத்துக்கு இவர்கள் செய்த தொண்டு போதிய அளவு பேசப்படவில்லை. சர்க்கரை நோயாளிக்கு உப்பும் எண்ணெயும் அளவோடு, ஜைனருக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல், அவரவர் வீட்டுப் பக்குவத்திலேயே மதியம் தட்டுக்கு வந்தது.

1956இல் அறக்கட்டளையாகப் பதிவானார்கள். பின்னாளில் சுமார் 5,000 பேர் தினமும் ஏறத்தாழ 2 லட்சம் டப்பாக்களைச் சுமந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் ரயில்கள் நின்றதும் பலர் ஊர் திரும்பி, விவசாயத்துக்குப் போனார்கள்.